எல்லா அணிகளும் வேண்டாமென ஒதுக்கிய லியாம் ஹெண்ட்ரிக்ஸ் மறு ஆண்டே முன்னணிக்கு வந்தது எப்படி?

உவர்மலையான் (திருகோணமலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வழக்கமாகக் கிரிக்கெட் பகுதியில் மட்டும் எழுதும் நான் பேஸ்போல் பற்றிக் கேட்பதற்கு என் அக்காவின் மகன்தான் காரணம். அவனுக்குப் பதினேழு வயது. பாடசாலை அணியில் வேகப்பந்து வீசுகிறான், ஆனால் புதுப்பந்து அவன் கைக்கு வருவதில்லை. இறுதி ஓவர்களுக்கு அழைக்கப்படுகிறான், சில போட்டிகளில் அதுவும் இல்லை. மனம் சோர்ந்திருந்தவன் அவுஸ்திரேலியப் பேஸ்போல் பந்துவீச்சாளரான லியாம் ஹெண்ட்ரிக்ஸ் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்த நாள் முதல், அதிகாலை நாலரைக்கு எழுந்து கைப்பேசியில் பேஸ்போல் பார்க்கிறான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு அந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க எழுப்பினால் எழும்பாத பிள்ளை இதற்கு மட்டும் எழும்புகிறானே என்பது அக்காவின் மனத்தாங்கல்.

எனக்கு விளங்காத விடயம் இதுதான். 2018 ஜூன் மாதத்தில் ஓக்லண்ட் அணி இவரை விலக்கியபோது வேறு எந்த அணியும் இவரை எடுக்கவில்லை என்கிறார்கள். மறு ஆண்டு அதே ஓக்லண்ட் அணியிலிருந்து நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். ஒரு பந்துவீச்சாளரை முற்றாக ஒதுக்கிவிட்டு அவரையே மீண்டும் தலையில் தூக்கி வைக்க ஒரு நிர்வாகத்தால் எப்படி முடிகிறது? ரிலீஃப் பிட்சர் எனப்படும் மாற்றுப் பந்துவீச்சாளரின் தொழில் வாழ்க்கை பொதுவாக இப்படித்தான் அமையுமா? மருமகனிடம் "விடாமல் முயன்றால் நீயும் வரலாம்" என்று சொல்வதற்கு முன் உண்மை நிலவரத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

தம்பலகாமத்தான் (ரொறன்ரோ) எழுதியது:

வணக்கம் அண்ணா. மக்கெய்சர் மைதானத்துச் சுவரோரம் நின்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நான், கனடாவுக்கு வந்த பின்னரே பேஸ்போலைப் பார்க்கத் தொடங்கினேன். ஹெண்ட்ரிக்ஸ் 2015இல் எங்கள் புளூ ஜேய்ஸ் அணிக்காக 58 ஆட்டங்களில் வீசியவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதையும் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

பேர்த் நகரில் 1989இல் பிறந்த இவரை 2007இல் மினசோட்டா ட்வின்ஸ் ஒப்பந்தம் செய்தது. மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் படிகளில் ஏறி 2011 செப்டம்பரில் உச்ச நிலையான மேஜர் லீக்கில் கால் வைத்தபோது அவர் ஒரு தொடக்கப் பந்துவீச்சாளர். தொடக்கப் பந்துவீச்சாளர் ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு ஒருமுறை வருவார், ஐந்து அல்லது ஆறு இனிங்ஸ் வீசுவார் (இங்கே மூன்று பேர் வெளியேறினால் ஒரு இனிங்ஸ் முடியும், ஆட்டத்துக்கு ஒன்பது இனிங்ஸ்), அதற்குள் அதே ஒன்பது துடுப்பாட்ட வீரர்களை இரண்டு, மூன்று சுற்றுக்கள் சந்திப்பார். மூன்றாம் சுற்றில் எதிரணி அவருடைய பந்துகளைப் படித்து முடித்திருக்கும். அந்தச் சுற்றைத் தாண்டுவதற்குப் பலவகைப் பந்துகளும் கணக்கான வேகமும் வேண்டும். ஹெண்ட்ரிக்ஸால் தாண்ட முடியவில்லை. 2012இல் அவருக்கு ஒரு வெற்றி, எட்டுத் தோல்விகள். 2013 டிசம்பருக்கும் 2014 பெப்ரவரிக்கும் இடையில் மினசோட்டாவிலிருந்து சிக்காகோ கப்ஸ், அங்கிருந்து போல்டிமோர், அங்கிருந்து ரொறன்ரோ என்று ஒரு பந்துகூட வீசாமலே அவர் கைமாறினார். அந்த ஆண்டின் நடுவில் கன்சாஸ் சிற்றிக்கு அனுப்பப்பட்டு, ஒக்டோபரில் மீண்டும் இங்கே வந்தார்.

2015இல்தான் அவர் முழுநேர மாற்றுப் பந்துவீச்சாளரானார். ஒரு இனிங்ஸ் மட்டும் வீசுபவர் பலத்தைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. முதற் பந்திலிருந்தே முழு வேகத்தில் வீசலாம், இரண்டு வகைப் பந்துகளே போதும், துடுப்பாட்ட வீரர் அவரை இரண்டாம் முறை சந்திக்கப் போவதுமில்லை. அந்த ஆண்டில் ஒன்பது இனிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.92. புகழ்பெற்ற மாற்றுப் பந்துவீச்சாளர்கள் பலர் தொடக்கப் பந்துவீச்சில் தோற்றுத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். 652 சேவ்களுடன் (அணியின் சிறு முன்னிலையை இறுதியில் காத்து வெற்றியை முடித்துக் கொடுப்பது ஒரு சேவ்) உச்சத்தில் நிற்கும் மரியானோ ரிவேராவும் 1995இல் தொடக்கப் பந்துவீச்சாளராக அறிமுகமாகி, அடிவாங்கி, மைனர் லீக்குக்கு இறக்கப்பட்டவரே. (ரிவேரா பனாமாவில் மீன்பிடிப் படகோட்டியின் மகன், தானும் படகில் வேலை செய்தவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அதுவும்தான்.)

இனி, அவர் ஓக்லண்டுக்குப் போன பின் வந்த 2018 ஜூன் மாதத்துக்கு வருவோம். ஒவ்வொரு அணியும் நாற்பது பேர் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். அதிலுள்ள ஒருவரை மூன்று பருவங்கள் வரையே தடையின்றி மைனர் லீக்குக்கு அனுப்பவும் அழைக்கவும் முடியும். அதன் பின் இறக்க வேண்டுமானால் முதலில் மற்ற அணிகளுக்கு அவரைக் காட்ட வேண்டும். சம்பளத்தை ஏற்க முன்வரும் எந்த அணியும் அவரைப் பதிலீடு எதுவுமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஹெண்ட்ரிக்ஸை 29 அணிகளும் கடந்து சென்றன. ஆகவே ஓக்லண்ட் அவரை முற்றாகக் கைவிட்டது என்பதைவிட, பட்டியலில் ஓரிடத்தைக் காலியாக்கி, அவரை நாஷ்வில் நகரிலிருந்த தன் டிரிபிள் ஏ (மைனர் லீக்கின் மிக உயர்ந்த படி) அணியில் வைத்துக்கொண்டது என்பதே சரி. செப்டம்பரில் அணிகள் பட்டியலை விரிவாக்க அனுமதி இருந்தது. அப்போது அவரைத் திரும்ப அழைத்து, முதல் இனிங்ஸை மட்டும் வீசி விலகும் பணியைக் கொடுத்தார்கள்.

காணொளிகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் இரவு ஒன்று இதற்குப் பின் வருகிறது. 2018 ஒக்டோபர் 3, நியூயோர்க்கில் தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். முதல் ஓவர் போடுபவரைப் போல ஹெண்ட்ரிக்ஸ்தான் வந்தார். முதலாவது வீரர் மக்கட்சனை, நான்கு தவறான பந்துகளை வீசி, முதல் தளத்துக்கு இலவசமாக நடக்க விட்டார், அடுத்து வந்த ஏரன் ஜட்ஜ் பந்தைத் தூக்கி ஹோம் ரன் அடித்தார். ஓக்லண்ட் 7-2 என்று தோற்றது. ஜூன் மாதத்து நிராகரிப்பைத் தாங்கிவிட்டார், செப்டம்பரில் மீண்டார், கதை முடிந்தது என்று சொல்ல முடியாமல் செய்வது இந்த இரவுதான்.

அடுத்த ஆண்டு அவருடைய பந்தின் வேகம் தெளிவாகக் கூடியிருந்தது. ஆனாலும் இறுதி இனிங்ஸ் அப்போது பிளேக் டிரெய்னன் வசம் இருந்தது. ஜூனில் டிரெய்னன் காயத்தால் விலகிய பின்னரே அந்தப் பொறுப்பு ஹெண்ட்ரிக்ஸுக்கு வந்தது. அந்தப் பருவத்தில் 85 இனிங்ஸ், 124 பேரைப் பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றியமை, 25 சேவ்கள், சராசரி 1.80. பிறகு 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீக்கின் சிறந்த மாற்றுப் பந்துவீச்சாளருக்கான விருது, சிக்காகோ வைற் சொக்ஸுடன் 5 கோடியே 40 இலட்சம் டொலர் ஒப்பந்தம். 2023 ஜனவரியில் நிணநீர்ப் புற்றுநோய் இருப்பதாக அறிவித்தார், சிகிச்சை முடித்து மே 29ஆம் திகதி மீண்டும் மைதானத்துக்கு வந்தார். ஆனால் ஐந்து ஆட்டங்களே. ஓகஸ்டில் முழங்கைச் சத்திரசிகிச்சை, 2024 முழுதும் இல்லை, 2025இல் பொஸ்டனுக்காக மீண்டும் வீசினார்.

நிலாவெளிக்காற்று எழுதியது:

தம்பலகாமத்தான் அழகாக எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ரிங்கு சிங்கின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த அவர், பேஸ்போலையே பார்த்திராமல் 2008இல் இந்தியாவில் நடந்த ஒரு பந்துவீச்சுப் போட்டியில் வென்று, அந்த ஆண்டே பிட்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணியின் ஒப்பந்தத்தைப் பெற்றார். இடக்கை மாற்றுப் பந்துவீச்சாளராக ஒவ்வொரு படியாக ஏறி வெஸ்ட் வர்ஜீனியாவில் மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஒன்றான சிங்கிள் ஏ நிலை வரை வந்தார். அதற்கு மேல் காயங்கள் விடவில்லை, முழங்கையிலும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மேஜர் லீக்கை அவர் எட்டவே இல்லை, பின்னர் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றார். அவரிடம் விடாமுயற்சி குறைவாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

காசு விடயத்தையும் மறைக்க வேண்டாம். 2023இல் செய்யப்பட்ட தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு முன்னர் டிரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டொலர், ஒப்பந்தத்தின் பின் 35,800 டொலர். அதே ஆண்டில் மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டொலர். வாசலுக்கு வெளியே நிற்பவருக்கும் உள்ளே நிற்பவருக்கும் இருபது மடங்கு வேறுபாடு. முப்பது வயதைக் கடந்தும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று வீசிக்கொண்டிருப்பவர்களின் வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்க வேண்டியிருக்கும். அந்த வீடுகளைப் பற்றி யாரும் காணொளி எடுப்பதில்லை.

உப்புவெளிப் பயிற்றுநர் எழுதியது:

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பந்துவீச்சுக் கற்றுக்கொடுப்பவன் என்ற வகையில் உடல் பற்றியே நான் பேச விரும்புகிறேன், ஏனெனில் காணொளி பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் முதலில் கெடுத்துக்கொள்வது அதைத்தான். ஏகாம்பரம் மைதானத்தில் எல்லைக் கோட்டருகே நிற்கும் பையன்கள் கிரிக்கெட் பந்தின் தையலில் இரண்டு விரலை வைத்து, மணிக்கட்டைச் சுண்டி, பேஸ்போல் வீரரைப் போல விசுக்கி எறிவதை இப்போது அடிக்கடி காண்கிறேன். கிரிக்கெட்டில் முழங்கை பதினைந்து பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி, சுமை முதுகுக்கும் முன்காலுக்கும் போகிறது. பேஸ்போலில் முழங்கை மடங்கி, பின் சாட்டை போல விரிகிறது, சுமை முழங்கையின் உட்புறத் தசைநார்மீது விழுகிறது. அது கிழிந்தால் உடலின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தும் சத்திரசிகிச்சை உண்டு. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அதை முதன்முதலில் டொமி ஜோன் என்ற பந்துவீச்சாளருக்குச் செய்தார், அவர் 1976இல் திரும்பி 1989 வரை ஆடினார். அங்கே அதற்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகக் கண்காணித்துப் பயிற்றுவிக்க ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே தோள் வலிக்கிறது என்றால் தைலம் பூசிவிட்டு மறுநாளும் எறியச் சொல்கிறோம். ஆகவே பார்க்கட்டும், ஆனால் கிரிக்கெட் பந்தை அப்படி எறிந்து பழக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கிரிக்கெட்டில் இரண்டு ஓவரில் அடிவாங்கியவரை அணித்தலைவர் நிறுத்தி, பந்து பழசானதும் மறுபடி அழைக்கலாம். பேஸ்போலில் வெளியேற்றப்பட்ட பந்துவீச்சாளர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது. அவருக்குப் பதிலாக வரும் மாற்றுப் பந்துவீச்சாளர், புல்பென் எனப்படும் காத்திருப்பு இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, தொலைபேசி ஒலித்ததும் சில நிமிடங்களில் உடலைச் சூடாக்கிக்கொண்டு, பெரும்பாலும் இன்னொருவர் உண்டாக்கிய சிக்கலுக்குள் இறங்குகிறார். இறுதி ஓவர்களுக்கு மட்டும் அழைக்கப்படும் உங்கள் மருமகன் கவனிக்க வேண்டிய இடம் அதுவே. அழைக்கப்படும் வரை ஹெண்ட்ரிக்ஸ் என்ன செய்கிறார், எத்தனை பந்துகளில் தயாராகிறார் என்று பார்க்கட்டும். நான் பார்த்த வரையில் எங்கள் பிள்ளைகள் அந்த நேரத்தில் தேர்ட் மேனில் நின்று கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, உடல் குளிர்ந்த நிலையிலேயே முதல் பந்தை முழு நீளத்தில் போட்டு நான்கு ஓட்டம் கொடுக்கிறார்கள்.

டானியல் பார்ட் என்பவரையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பொஸ்டனில் சிறந்து விளங்கிய அவர் 2012இல் பந்தைக் குறித்த இடத்தில் வீசும் திறனையே இழந்தார். பல ஆண்டுகள் போராடி 2017இல் ஓய்வு பெற்று, அரிசோனா அணியில் இளம் வீரர்களுக்கு வழிகாட்டும் வேலைக்குச் சென்றார். அங்கே அவர்களோடு சும்மா எறிந்து விளையாடும்போது பழைய கை திரும்பியிருப்பது தெரிந்தது. 2020இல் கொலராடோ அணியில் மீண்டும் வந்தார், 2022இல் 34 சேவ்கள். அவர் விட்டபோதுதான் அது திரும்பியது. பரீட்சைக்காக ஒரு பருவம் விட்டுப் படிப்பதால் கை போய்விடாது என்று உங்கள் அக்காவின் மகனுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உவர்மலையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அக்காவிடம் பார்ட்டின் கதையைச் சொன்னேன், அவருக்கு அது மட்டும்தான் பிடித்தது. பயிற்றுநர் ஐயா சொன்னதைக் கேட்ட மருமகன், தையலில் விரல் வைத்து எறிந்து பார்த்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டான். அவன் இப்போது கேட்கும் கேள்வி ஒன்று: 2018இல் நாஷ்விலுக்குப் போக மாட்டேன் என்று ஹெண்ட்ரிக்ஸ் மறுத்திருக்க முடியாதா?

தம்பலகாமத்தான் எழுதியது:

முடியும் அண்ணா. மேஜர் லீக்கில் மூன்று ஆண்டுச் சேவையை நிறைவு செய்த வீரர், கீழே அனுப்பப்படுவதை மறுத்துச் சுதந்திர வீரராக வெளியேறலாம். ஆனால் ஐந்து ஆண்டுச் சேவை நிறைவடையாதவர் அப்படி வெளியேறினால் அந்தப் பருவத்தில் மீதமுள்ள சம்பளத்தை இழந்துவிடுவார். ஹெண்ட்ரிக்ஸ் அப்போது மூன்றைக் கடந்திருந்தார், ஐந்தை எட்டியிருக்கவில்லை. 29 அணிகளும் சும்மா கிடைத்தபோதே எடுக்காத ஒருவருக்கு வெளியே புதிதாக யார் ஒப்பந்தம் கொடுப்பார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. நாஷ்விலுக்குப் போனதால் அவருடைய சம்பளமும் தொடர்ந்தது, செப்டம்பரில் பட்டியல் விரியும்போது அழைப்பதற்கு ஆளும் ஓக்லண்டின் கைக்குள்ளேயே இருந்தார். அவர் போனதற்கு மன உறுதி ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அந்தச் சூழ்நிலையில் கணக்குத் தெரிந்த எவரும் நாஷ்விலுக்குத்தான் போயிருப்பார்.