உதவி தேவை: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாயைக் கொண்டுவர, சிப் வைப்பதற்கு முன்பே ஊசி போட்டுவிட்டோம்

ஈசூன் வாசி:
வணக்கம். திருச்சியில் அம்மாவுக்கு முட்டிவலி. எங்கள் பொமரேனியன் மணியை இனி அவரால் பார்த்துக்கொள்ள முடியாது. ஜனவரியில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். தோலுக்கடியில் அடையாள எண்ணுள்ள மைக்ரோசிப் வைத்தது மார்ச்சில். ஊசி வேலை செய்ததா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் தேறிவிட்டது. ஆனால் ஏஜெண்ட், ஊசி செல்லாது என்கிறார். மணியை வளர்த்ததே அம்மாதான், தினமும் போனில் கேட்கிறார். உண்மையாகவே செல்லாதா?

தெம்பனிஸ் அக்கா:
ஏஜெண்ட் சொல்வது சரிதான், தம்பி. ஊசி போட்ட அன்று மணியின் உடம்பில் சிப் இல்லை. அந்த ஊசி இதே நாய்க்குத்தான் போடப்பட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முதலில் சிப், அப்புறம் ஊசி, அதன்பின் ரத்தம். சிப்தான் இருக்கிறதே, ஊசியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஊசி போட்டு நான்கு வாரமாவது கழித்து ரத்தம் எடுங்கள், எதிர்ப்பொருள் அதற்குள் நன்றாக ஏறிவிடும். அதன் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) வந்தால் தேறியது.

ஈசூன் வாசி:
ஏற்கெனவே தேறிய நாய்க்கு மறுபடியுமா, அக்கா?

தெம்பனிஸ் அக்கா:
மனசு கஷ்டம்தான். ஆனால் சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் கிடையாது. அந்தக் கிருமி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் உடம்பில் இருக்கும். இங்கே வந்தபின் நாயைத் தனிமைப்படுத்தி வைப்பது அதற்காகத்தான். எங்கள் ரோஸி 30 நாள் தனிமையில் இருந்தாள். பழைய போர்வை ஒன்றை உடன் அனுப்பியிருந்தேன், அதன்மேல்தான் படுத்துக்கிடந்தாள். தனிமை நிலையத்தில் இடம் கிடைக்கும் முன் டிக்கெட் எடுக்காதீர்கள். பொமரேனியனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைக்கலாம், ஒரு நாய் மட்டும்.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஊசி போடும் முன்பு கழுத்தில் ரீடரை வைத்துச் சிப் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 15 இலக்கமும் ஊசி அட்டையிலும் ஆய்வக அறிக்கையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். எங்களுக்கு ஓர் இலக்கம் மாறி, திருத்திய அறிக்கைக்கு மூன்று வாரம் போனது. விதிகள் மாறுவதுண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநலப் பிரிவு இணையதளத்தில் இந்தியாவுக்கான பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஈசூன் வாசி:
நன்றி அக்கா, அண்ணா. இன்று காலை ஊசி போட்டாயிற்று. சிப்பைப் படித்த ரீடரையும் அட்டையையும் அம்மா அருகருகே வைத்துப் படம் அனுப்பினார். இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தேன், 15-உம் பொருந்துகிறது. படத்தின் ஓரத்தில் மணியின் காது தெரிகிறது.