7 மாத லேப்ரடார் முன்னங்கால் நொண்டுகிறது: முழங்கை ஆபரேஷன் தேவையா, பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

கோவை_லேப் (கேள்வி)

வணக்கம். ஆண் லேப்ரடார், வயது 7 மாதம், எடை 29 கிலோ. ஒன்றரை மாதமாக இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். படுத்து எழுந்ததும் பத்துப் பதினைந்து அடி விறைப்பாக வைப்பான், அப்புறம் சரியாகிவிடும். பந்து விளையாடிய அன்று இரவு மட்டும் மோசமாக இருக்கும். எங்கும் அடிபடவில்லை, வெளியே வீக்கமும் தெரியவில்லை. நிற்கும்போது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறான்.

மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து 5 நாள் கொடுத்தோம். குறைந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை, அல்னா (முழங்கைக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பில் ஒன்று) மூட்டுப் பக்கம் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது என்றார் டாக்டர். மூட்டுக்குள் எலும்புச் சில்லு இருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் முடிவு செய்யலாம் என்கிறார்.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போது சி.டி. எதற்கு? ஆபரேஷன் ஆனால் எத்தனை வாரம் கவனிப்பு? வீடு முதல் மாடி, தரை முழுக்க டைல்ஸ். சிறுவயதிலிருந்து கால்சியம் சிரப் கொடுத்து வருகிறோம், எலும்பு பலமாகட்டும் என்று.

எலும்பும்_மூட்டும்

எழுந்ததும் விறைப்பு, ஓடியபின் மோசம், பாதம் வெளியே திரும்பி நிற்பது. பெரிய இனக் குட்டியிடம் 5 முதல் 10 மாதத்துக்குள் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் முழங்கை மூட்டு சரியாக வளராத நோயைத்தான் (எல்போ டிஸ்பிளேசியா) சந்தேகிக்க வேண்டும். லேப்ரடார், கோல்டன், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட் எல்லாவற்றிலும் இது சகஜம். உங்கள் டாக்டர் சரியான வழியில்தான் போகிறார்.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது என்றால், சில்லு பெயர்வது அல்னாவின் உட்பக்கத்தில் இருக்கும் கொரொனாய்டு என்ற சின்ன மூக்கில். பக்கவாட்டில் படம் எடுத்தால் பக்கத்து எலும்பான ரேடியஸின் தலை அதன்மேல் வந்து மறைத்துவிடும். சில்லே தெரிவது அபூர்வம். அது உண்டாக்கிய பக்கவிளைவைத்தான் படத்தில் பார்க்கிறோம். நீங்கள் சொன்ன அந்த வெளுப்பு, அதாவது எலும்பு இறுகியிருப்பது, அப்படிப்பட்ட ஒரு விளைவு. அல்னாவின் பின்பக்கக் கொக்கியான அன்கோனியல் முனையில் புது எலும்பு துருத்துவது இன்னொன்று. 7 மாதத்தில் இரண்டாவது இன்னும் வராமலே இருக்கலாம். ஆகவே படம் சுத்தமாக இருப்பதால் மூட்டும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சி.டி. எலும்பைத் துண்டு துண்டாக அரிந்து காட்டுவதுபோல் காட்டும், ஒன்றின்மேல் ஒன்று விழாது.

ஸ்கேனுக்கு முன் எக்ஸ்ரே எந்தக் கோணங்களில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஒரே ஒரு பக்கவாட்டுப் படம் போதாது. முழங்கையை நன்றாக மடக்கி ஒரு பக்கவாட்டுப் படம், சாதாரண நிலையில் இன்னொன்று, முன்னிருந்து பின்னாகக் காலை 15 டிகிரி உட்பக்கம் திருப்பி ஒன்று. மூன்றும் இரண்டு கால்களுக்கும் வேண்டும். இந்த நோய் பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் இருக்கும்; நொண்டுவது அதிகம் வலிக்கும் காலை மட்டுமே காட்டிக்கொடுக்கும். இரண்டும் சமமாக வலித்தால் நொண்டவே நொண்டாது, அடி மட்டும் குறுகும். சோம்பேறிக் குட்டி என்று பலர் விட்டுவிடுவது இந்த நாய்களைத்தான். மடக்கிய படம் அன்கோனியல் முனைக்காக. அது அல்னாவோடு ஒட்ட வேண்டிய வயது சுமார் 20 வாரம். அதற்குப் பிறகும் இடையில் கோடு தெரிந்தால் அது வேறு நோய், ஆபரேஷனும் வேறு. ஜெர்மன் ஷெப்பர்டில் இதுதான் அதிகம்.

கைப்பரிசோதனையில் முழங்கையையும் மணிக்கட்டையும் 90 டிகிரியில் மடக்கி, பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்ப்பார்கள். கூடவே முழங்கையின் உட்பக்கம், முன்புறமாக விரலால் அழுத்துவார்கள். குட்டி காலை இழுத்துக்கொண்டால் கொரொனாய்டு மேல் சந்தேகம் வலுக்கும். தோள்பட்டையை முழுக்க நீட்டும்போது வலித்தால் தோள் மூட்டின் குருத்தெலும்பு நோயையும் பார்க்க வேண்டும். நீண்ட எலும்பின் நடுவில் அழுத்தும்போது வலித்து, நொண்டல் ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே வந்தால் பனோஸ்டைட்டிஸ் என்ற வளரும் எலும்பின் அழற்சி. அது தானே ஆறும், கத்தி வேண்டாம்.

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலை மறக்கவே கூடாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி மூட்டு வலியாகவும் வரும், தட்டணுக்களையும் குறைக்கும். ஆபரேஷன் மேசையில் ரத்தம் நிற்காமல் போவதற்கு அது ஒன்று போதும். மயக்க மருந்துக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கையும், ரத்தப் பூச்சுச் சோதனையும், சிறுநீரகம், கல்லீரலும் கட்டாயம் இருக்க வேண்டும். அதே மயக்கத்தில் இடுப்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிடச் சொல்லுங்கள். முழங்கை கெட்ட குட்டிக்கு இடுப்பும் கெட்டிருப்பதுண்டு.

கோவை_லேப்

மிக்க நன்றி. சில்லை எடுத்துவிட்டால் மூட்டு முழுசாகச் சரியாகிவிடுமா?

எலும்பும்_மூட்டும்

இல்லை. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. ஆர்த்ரோஸ்கோப்பியில் இரண்டு மூன்று சிறு துளை வழியே கேமரா நுழைத்துச் சில்லையும், அடியில் செத்த எலும்பையும் எடுக்கிறார்கள். வலி குறையும், நொண்டல் பெரும்பாலும் நன்றாகக் குறையும். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப முளைக்காது, மூட்டுவாதம் மெதுவாக வந்தே தீரும். எவ்வளவு மெதுவாக என்பதுதான் நம் கையில். குருத்தெலும்பு ஏற்கெனவே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்தக் கேமரா மட்டுமே நேராகக் காட்டும். ஆபரேஷன் முடிந்ததும் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சி.டி.யில் ரேடியஸும் அல்னாவும் சம உயரமாக இல்லை என்று தெரிந்தால் பேச்சு மாறும். ரேடியஸ் குட்டையாக இருந்தால் உடல் எடை கொரொனாய்டு மேல் விழும். அல்னா குட்டையாக இருந்தால் அன்கோனியல் முனை தள்ளப்படும். அப்போது அல்னாவைச் சாய்வாக வெட்டி, அதுவே தன் இடத்தைத் தேடிக்கொள்ள விடும் ஆபரேஷன் சொல்வார்கள். அது வேறு கணக்கு: வலி அதிகம், எலும்பு கூட 6 முதல் 12 வாரம், 6ஆம் வாரம் எக்ஸ்ரே கட்டாயம். கேமரா ஆபரேஷன் மட்டும் என்றால் ஒரே நாளில் இரண்டு முழங்கையும் செய்வதுண்டு. எலும்பை வெட்டுவதாக இருந்தால் இரண்டு காலையும் ஒரே நாளில் செய்யாமல் இடைவெளி விடுவதுதான் வழக்கம், நிற்க ஒரு காலாவது வேண்டுமே.

நாலுகால்_பிசியோ

ஆபரேஷனுக்குப் பிந்திய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். ஆபரேஷன் செய்த கால் மறுபடி கெடுவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். வலி போயிருக்கும், தையல் பிரித்திருக்கும், குட்டி துள்ளும். உள்ளே ஒன்றும் ஆறியிருக்காது.

முதல் 3 நாள்: துணி சுற்றிய ஐஸ் பொதி, 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு 3, 4 தடவை. ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது. ஆர்த்ரோஸ்கோப்பியில் மூட்டுக்குள் விடும் நீர் வெளியே கசிந்து முழங்கை பந்துபோல் வீங்கும். ஓரிரு நாளில் வடிந்துவிடும், பயம் வேண்டாம். ஆனால் வடிந்த வீக்கம் 4, 5 நாள் கழித்துச் சூடாகத் திரும்பினாலோ, சீழ் வந்தாலோ, ஊன்றிக்கொண்டிருந்த காலை மறுபடி தூக்கிக்கொண்டாலோ, காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ அன்றே கொண்டுபோங்கள். மூட்டுக்குள் கிருமி போனால் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. கழுத்தில் கூம்பு தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், இரவிலும் இருக்க வேண்டும்.

மருந்து: மெலாக்ஸிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து 0.1 மி.கி., நாளுக்கு ஒரே வேளை, சாப்பாட்டோடு. 29 கிலோவுக்குத் தினம் ஏறக்குறைய 3 மி.கி. வரும். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இதில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு இதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, குடல் புண்ணாகும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு விஷம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

நடை: முதல் 2 வாரம் மலம், சிறுநீருக்கு மட்டும், 5 நிமிடம், நாளுக்கு 4 தடவை, குட்டைக் கயிற்றில். 3, 4ஆம் வாரம் 10 நிமிடம். அதன்பின் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம், மறுநாள் காலை நொண்டல் கூடவில்லை என்றால் மட்டும். கூடினால் பழைய அளவுக்கே திரும்புங்கள். நடை மெதுவாக இருக்க வேண்டும். வேகமாகப் போனால் வலிக்கும் காலை ஏமாற்றி மூன்று காலில் சமாளித்துவிடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு அடியும் ஊன்றியாக வேண்டும். கயிறில்லாமல் விடுவது 10, 12 வாரத்துக்கு அப்புறம்தான். பந்து எறிவதை நிரந்தரமாக விட்டுவிடுங்கள் என்பேன். பந்தைப் பிடிக்கச் சறுக்கி நின்று திரும்பும் அந்த ஒரு நொடி முன்னங்காலுக்குத்தான் பெரிய அடி. நிற்கும்போதே உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது.

சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள். யாராவது வந்தால் பாய்ந்து, சங்கிலி இழுக்க, முன்னங்கால் தரையில் அறையும். 4 அடிக்கு 6 அடி வேலி போட்ட மூலை போதும். டைல்ஸ் தரைக்கு அவன் நடக்கும் பாதை முழுக்க ரப்பர் பாய் அல்லது யோகா பாய் விரியுங்கள், நடுவில் இடைவெளி விடாமல். சும்மா போட்ட கோணிச்சாக்கு சறுக்கும். பாதத்தின் அடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள், பாதிச் சறுக்கல் அதிலேயே போகும்.

2 வாரம் முடிந்ததும், டாக்டர் ஒப்புக்கொண்டபின், பக்கவாட்டில் படுக்கவைத்து முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். 10 முதல் 15 தடவை, நாளுக்கு 2 அல்லது 3 வேளை. நல்ல லேப்ரடார் முழங்கை சுமார் 36 டிகிரி வரை மடங்கும், 165 வரை நீளும். அதை எட்டுவதற்காக அழுத்தாதீர்கள். குட்டி தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். 6ஆம் வாரத்துக்கு மேல் துடைப்பக் குச்சிகளை ஓரடிக்குச் சற்று அதிக இடைவெளியில் தரையில் படுக்கப் போட்டு, மேலே மெதுவாக நடக்க வையுங்கள். கிணறு, குளத்தில் நீச்சல் இப்போது வேண்டாம். நீந்தும்போது முழங்கை மிக வேகமாக மடங்கி நீளும், இறங்கி ஏறும் இடமும் வழுக்கும். தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் கிடைத்தால் நல்லது, காயம் முழுக்க ஆறியபின்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், முன்னிருந்தும் பக்கவாட்டிலும், மெதுவேகத்தில் வீடியோ எடுங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கண்ணால் பார்த்து “பரவாயில்லை” என்று சொல்வதைவிட 2ஆம் வாரத்தையும் 6ஆம் வாரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது டாக்டருக்கு ரொம்ப உதவும்.

சோறும்_எலும்பும்

கால்சியம் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். சுமார் 6 மாதம் வரை பெரிய இனக் குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தை வெளியே தள்ளத் தெரியாமல் பெருமளவு உறிஞ்சிவிடும். எலும்பு முதிரும் வேகம் கெட்டு, மூட்டு எலும்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர இதுவும் ஒரு காரணம். பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுமார் 1 சதவீதம் இருந்தால் தாராளம். அதற்கு மேல் சிரப், பவுடர் எதுவும் வேண்டாம். வெறும் கோழியும் சோறும் மட்டும் போடுகிறவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, கால்சியமே போதாமல் எலும்பு மெலியும். அதையும் சிரப்பை ஊற்றி ஊகத்தில் சரிசெய்யாமல் அளந்த உணவுத் திட்டமாக மாற்ற வேண்டும்.

எடை: 7 மாதத்தில் 29 கிலோ கூடுதல் மாதிரித்தான் தெரிகிறது. விலா எலும்பை அழுத்தாமல் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். அடைத்துவைக்கும் 12 வாரத்தில் ஓட்டம் நின்றுவிடுவதால் உணவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, வாராவாரம் எடை பாருங்கள். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வில், மெலிந்தவை சராசரியாகக் கிட்டத்தட்ட 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. எந்த மாத்திரையும் இவ்வளவு செய்வதில்லை. மீன் எண்ணெய் கொடுக்கலாம், அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்த்துக் கிலோவுக்கு 100 மி.கி. அளவில், மெதுவாகக் கூட்டி. வயிற்றுப்போக்கு வந்தால் குறையுங்கள். மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம், பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

கருத்தடை அவசரம் வேண்டாம். லேப்ரடாரில் 6 மாதத்துக்கு முன் செய்வது மூட்டு நோய் ஆபத்தைக் கூட்டுகிறது. ஒரு வயது தாண்டட்டும். ஆனால் இவனை இனப்பெருக்கத்துக்குக் கண்டிப்பாக விடாதீர்கள், இது பரம்பரையாக இறங்கும் நோய். குட்டி வாங்கிய இடத்துக்கும் சொல்லுங்கள், கூடப்பிறந்தவற்றின் முழங்கையை யாராவது பார்க்கட்டும்.

கோவை_லேப்

எல்லோருக்கும் நன்றி. சிரப் நிறுத்தியாயிற்று, மூன்று கோணத்தில் இரண்டு காலுக்கும் படம் கேட்கிறேன். மாடிப்படிதான் கவலை. 18 படி, லிஃப்ட் இல்லை, 29 கிலோவை நான் ஒருவனே தினம் 4 தடவை தூக்க முடியாது.

நாலுகால்_பிசியோ

முதல் 4 வாரம் கீழே ஒரு அறையோ, மூடிய கார் ஷெட்டோ கிடைத்தால் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மணல் நிரப்பிய தட்டு வைத்து, ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு வாரம் பழக்குங்கள். அப்புறம் பழக்குவது கஷ்டம். இறங்குவதுதான் ஏறுவதைவிட ஆபத்து, எடை முழுக்க முன்னால் சாயும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் மார்புக்குக் கீழே, முன்னங்கால்களுக்குப் பின்னால் அகலமான துண்டைக் கொடுத்து மேலே தூக்கிப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு நொடி நிறுத்தி இறக்குங்கள். இன்னொருவர் கீழே முன்னால் நின்று பாயாமல் தடுக்க வேண்டும். முன்னங்காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. படிக்கட்டின் மேலும் கீழும் கதவு போடுங்கள், அழைப்பு மணி அடித்தால் தானே ஓடி இறங்குவான்.

கோவை_லேப்

கீழ்வீட்டுக்காரரிடம் ஷெட்டைக் கேட்டுவிட்டேன், தருகிறார். ஸ்கேன் முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.