‘நம்ம வளவு’ குழு: ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிச்சா என்ன வேலை?

*தேவகோட்டை ஆச்சி, காலை 7:42*
தம்பி மகன் பிபிஏ முடிக்கப் போறான். அடுத்து எம்பிஏ ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டாம். முடிச்சா பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர் ஆகலாமான்னு அவுக அப்பச்சி கேக்குறாக.

*பள்ளத்தூர் அண்ணன், 7:50*
முடியாது ஆச்சி. அதுக்கு பி.பி.எட்.னு உடற்கல்வி ஆசிரியர் பட்டம் வேணும். கோச்சா போகணும்னா பாட்டியாலாவுல இருக்குற தேசிய விளையாட்டு நிறுவனத்தோட (என்.ஐ.எஸ்.) டிப்ளமா. அழகப்பா யுனிவர்சிட்டியோட உடற்கல்விக் கல்லூரி நம்ம காரைக்குடியிலயே இருக்கா, எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுக்கிடுறாக. இவன் படிக்கப் போறது ஆட்டத்தைச் சுத்தி நடக்குற வியாபாரம்.

*காரைக்குடி ஐயா, 7:53*
வியாபாரம்னா? டிக்கெட் கிழிக்கிறதா? 😀

*கானாடுகாத்தான் அம்மான், 8:10*
அதுவும் உண்டு ஐயா, ஆனா காசு இருக்குறது ஸ்பான்சர்ஷிப் பக்கம். ஒரு மாவட்டக் கபடிப் போட்டியையே எடுத்துக்குங்க. ஜெர்சி நெஞ்சு, முதுகு, ஆடுற மேட் விரிப்பைச் சுத்தி போர்டு, மேடை பேனர், யூடியூப் லைவ்ல மூலை லோகோ. ஒவ்வொண்ணையும் எண்ணி விலை போட்டுப் பேரேடு மாதிரி எழுதணும். அதை விக்கத் தெரிஞ்சவனுக்கு எந்த லீக்லயும் இடம் உண்டு.
கெடுற இடம் மூணு. ஒரே சாமான் விக்கிற ரெண்டு கம்பெனிக்கு இடம் கொடுத்துடுவாங்க. மைதானக்காரர்கிட்ட கேக்காம போர்டுக்கு வாக்கு கொடுத்துடுவாங்க. போட்டி முடிஞ்சதும் போர்டு, ஜெர்சி, லைவ் எல்லாத்துக்கும் போட்டோவோட அறிக்கை அனுப்ப மாட்டாங்க. கடைசித் தவணை நின்னுபோறது பெரும்பாலும் இந்த மூணாவதாலதான்.

*பள்ளத்தூர் அண்ணன், 8:16*
ஆபரேஷன்ஸும் பெரிய பக்கம். 11 டீம் நாக்அவுட்னா 16 - 11 = 5 டீமுக்கு பை (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று), மொத்தம் 10 ஆட்டம். அதே 11 டீமை ஒவ்வொருத்தரோடயும் ஒரு தடவை ஆடுற லீக்கா போட்டா 55 ஆட்டம். இந்தக் கணக்குப் போடாம ரெண்டு நாள் மைதானம் பிடிச்சுட்டு ராத்திரி ஒரு மணிக்கு லைட்டுக்கு அலையுறவுக எத்தனை பேர்! கபடி ஆண்கள் களம் 13 × 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுர மேட்னா களத்துக்கு மட்டும் 130.
சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு கலெக்டர் அனுமதி, தடுப்பு, மாட்டு டாக்டர், ஆம்புலன்ஸ்னு ஓடுறாகளே, அதுவும் இதே வேலைதான். பேருதான் வேற.

*தேவகோட்டை ஆச்சி, 8:20*
அப்ப மாசச் சம்பள வேலை?

*கானாடுகாத்தான் அம்மான், 8:31*
புட்பால் கிளப்ல இருக்கு ஆச்சி. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போட (ஏ.எப்.சி.) லைசென்ஸ் வேணும்னா பொது மேலாளர், நிதி அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி, மீடியா அதிகாரின்னு ஆள் வச்சே ஆகணும். ஆனா 2025 ஜூலையில ஐ.எஸ்.எல். புட்பால் லீக் சீசனையே நிறுத்தி வச்சாங்க, வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்காததால. அதனால வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தம் எத்தனை மாசம்னு முதல்ல பாக்கணும். லீக் வேலை பாதி சீசன் வேலைதான்.
ஆட்டக்காரங்களுக்கு ஒப்பந்தம் பேசுற ஏஜென்ட் ஆசை இருந்தா உலகக் கால்பந்து அமைப்பான பிபாவோட பரீட்சை: 20 கேள்வி, 60 நிமிஷம், 75 சதவீதம் எடுக்கணும். அதுக்கு எம்பிஏ தேவையே இல்லை.

*காரைக்குடி ஐயா, 8:34*
டி.என்.பி.எல். கிரிக்கெட்ல நம்ம காரைக்குடி காளை டீம் இருக்கே, அதுல வேலை கிடைக்காதா?

*பள்ளத்தூர் அண்ணன், 8:36*
ஐயா, அது 2019-ஓட திருப்பூர் தமிழன்ஸ் ஆயிருச்சு 🙂 பேர்ல ஊர் இருக்கும், ஆபீஸ் வேற ஊர்ல இருக்கும். சென்னைக்கோ மும்பைக்கோ போகத் தயாரான்னு பையன்கிட்ட கேட்டுக்குங்க.

*தேவகோட்டை ஆச்சி, 8:40*
எங்க படிக்கலாம்?

*கானாடுகாத்தான் அம்மான், 8:52*
சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கு. தனியார்ல சேர்க்கிறதா இருந்தா ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ விளம்பரத்தை நம்பாம, போன வருசம் எத்தனை பேர், எந்தக் கம்பெனி, என்ன பதவின்னு எழுத்துல கேளுங்க. யூஜிசி அங்கீகாரம் உள்ள பட்டமா, வெறும் சர்டிபிகேட்டான்னும் பாருங்க. எழுத்துல தராதவங்களுக்குப் பீஸ் கட்டாதீங்க.
சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டு போட்டியில வாலண்டியரா நிக்கட்டும். அந்தக் காலத்துல நம்மவுக பர்மா வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா உக்காந்து வேலை கத்துக்கிட்டுதான் படிப்படியா அடுத்தாள், மேலாள் ஆனாக. நுழைவு அட்டை கொடுக்குற அக்ரெடிடேஷன் மேஜை கிடைச்சா ரொம்ப நல்லது. யார் எந்த வாசல்ல போகலாம்னு அங்கதான் புரியும்.

*தேவகோட்டை ஆச்சி, 8:55*
சரி, சாயங்காலம் அவனையே குழுவுல சேக்குறேன். பீஸ் விவரத் தாளையும் போடச் சொல்றேன், பாத்துச் சொல்லுங்க.