புதுப்பிப்பு: தொண்டு நிறுவன இணையதளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றியதில் முகவரி குழப்பம்

இணையதளங்களை நிர்வகிக்கும் மென்பொருள்கள் ட்ரூபலும் வேர்ட்பிரஸும். பழைய ட்ரூபல் 7 தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றியதும், வெவ்வேறு தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரே முகவரி விழுந்து, பின்னால் '-2' ஒட்டிக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டது.

வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியாக்கத்தில் (முகவரிக்காக எழுத்தை %E0 போன்ற குறிகளாக மாற்றும் முறை) 9 இடம் பிடிக்கும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக்கணக்கு. 'கண்' என்பதற்கே 27. 'இலவச கண் மருத்துவ முகாம்', இடைவெளிகளுக்குப் பதில் வரும் கோடுகளையும் சேர்த்து, 192 ஆகிவிடுகிறது. அதற்குப் பின் வரும் 'மதுரை', 'தேனி' இரண்டும் வெட்டுப்படுகின்றன; அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே முகவரி விழுகிறது. தரவுத்தளத்தில் கைவைக்க வேண்டாம். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பழைய முகவரிகளை 301 வழிமாற்றத்தில் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் முறை) புதியவற்றோடு இணைப்பது கட்டாயம். நன்கொடைப் பக்கத்தை முதலில் முடியுங்கள், அச்சிட்ட ரசீதுகளில் அந்த முகவரிதான் இருக்கும்.

இன்னொன்று: டொமைன் பெயரை எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையால் நேரடியாக மாற்றினால் விட்ஜெட் (பக்கவாட்டுப் பெட்டி போன்ற சிறு பகுதிகள்) அமைப்புகள் காணாமல் போகும். தரவுத்தளத்தில் அந்த அமைப்புகளின் ஒவ்வொரு சரத்தோடும் (எழுத்துத் தொடர்) அதன் நீளமும் பதிவாகியிருக்கிறது. நீளம் பொருந்தாவிட்டால் மொத்தமும் படிக்கப்படாது. வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்தே திருத்திவிடும்.