கத்திரி வெயிலில் பிள்ளைகளோடு தஞ்சாவூர் அரண்மனை: எப்படிப் பார்ப்பது?

திருவாரூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் பிள்ளைகள் இருவரும் கோடை விடுமுறைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஒன்பது. என் மகனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. மூவரையும் தஞ்சாவூர் அரண்மனைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தஞ்சாவூர் என்றாலே பெரிய கோயிலுக்குப் போய்விட்டு, நேரம் மிச்சமிருந்தால் அரண்மனையை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் குடும்பத்தின் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. இந்த முறை அரண்மனைக்கென்றே போக வேண்டும் என்பது என் எண்ணம்.

"அக்கினி நட்சத்திரத்தில் பச்சைப் பிள்ளைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமா?" என்று மாமியார் தடுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் மூவரும் ஒன்றாகச் சேரும் வாய்ப்பு இந்த ஆண்டில் இல்லை. காலை ரயிலில் புறப்பட்டு இரவுக்குள் திரும்ப வேண்டும். எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, மூன்று வெவ்வேறு வயதினரையும் ஒருசேரக் கவரக்கூடியவை அங்கே என்னென்ன, அதே நாளில் கல்லணையையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கீழவாசல்காரர்:

வணக்கம் சகோதரி. நான் அரண்மனைக்கு அருகிலேயே வசிப்பவன். மே மாதத்தில் பிள்ளைகளை அழைத்து வருவதில் தவறே இல்லை. ஆனால் பகல் பொழுதைச் சரியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்களில் பலர் காலையில் பெரிய கோயிலில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் பதினொன்றரை மணிக்கு மேல் அரண்மனைக்கு வந்து சேருகிறார்கள். அதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள். அதோடு, கலைக்கூடத்துக்கு மதிய இடைவேளை உண்டு என்பதால் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வர வேண்டியதாகிவிடுகிறது. நீங்கள் அரண்மனையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கே இருந்தால் மதியத்துக்கு முன்பாக மூன்று மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். பெரிய கோயிலை மாலை ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருச்சுற்றின் தளம் நண்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பாய் விரித்திருந்தாலும் சிறு பிள்ளைகள் அதைவிட்டு விலகி ஓடுவார்கள், பாதம் பொத்துப்போகும். வெயில் தாழ்ந்த பிறகு அதே தளத்தில் உட்கார்ந்து விமானத்தைப் பார்க்கலாம்.

சரசுவதி மகால் நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மற்றொன்று, அரண்மனை என்பது ஒரே கட்டடம் அன்று. கலைக்கூடம், தர்பார் மண்டபம், நூலகத்தின் காட்சிக்கூடம் எனத் தனித்தனிப் பகுதிகளாக இருப்பதால் சீட்டும் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கும். வாசலிலேயே எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டால், வெயிலில் முற்றத்தின் குறுக்கே திரும்பத் திரும்ப நடக்க நேராது. சில்லறையும் கையில் வைத்திருங்கள்.

உள்ளே வெப்பம் நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு இராது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்களும் உயர்ந்த வளைவுக் கூரைகளும் காலைக் குளிர்ச்சியை நெடுநேரம் விடாமல் பிடித்து வைத்திருக்கும். முற்றங்களைக் கடக்கும்போதுதான் வெயில் தாக்கும். அரண்மனைக் கோபுரங்களில் ஏற அனுமதி இருக்கிறதா என்பதைச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் வேலை நடந்தால் மூடியிருக்கும். திறந்திருந்தாலும் படிகள் குறுகலாகவும் இருட்டாகவும் இருக்கும் என்பதால், ஆறு வயதுப் பிள்ளையை ஒருவர் கையைப் பிடித்து முன்னால் அழைத்துச் செல்ல, மற்றொருவர் பின்னால் வர வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டுமே வருவதாக இருந்தால் கோபுரத்தை விட்டுவிடுவதே நல்லது.

குடந்தை ஆசிரியர்:

அன்புள்ள அம்மா, பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொற்கள். அரண்மனையில் உள்ள எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்ட முயல வேண்டாம். மூன்று, நான்கு பொருள்களின் முன் நின்று நிதானமாகப் பேசிவிட்டு வந்தால் அவை ஆயுளுக்கும் நிற்கும்.

முதலாவதாகக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைக் காட்டுங்கள். நம் சீர்காழிப் பக்கத்துத் திருவெண்காட்டில் மண்ணுக்குள் புதைந்திருந்து வெளிவந்த செப்புத் திருமேனி அது. 1011ஆம் ஆண்டில், அதாவது பெரிய கோயில் பணி நிறைவேறிய அடுத்த ஆண்டில், எழுந்தருளுவிக்கப்பட்டது என்பதை அவ்வூர்க் கல்வெட்டால் அறிகிறோம். சடைமுடியைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே ஒயிலாக வைத்து, ஒரு கையை எதன்மீதோ ஊன்றியபடி நிற்கிறார் இறைவன். ஆனால் அந்தக் கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. அங்கே நின்றிருந்த காளை இன்று இல்லை. விளக்கப் பலகையைப் படிக்கவிடாமல், "இவர் எதன்மேல் கை வைத்திருக்கிறார், அது எவ்வளவு உயரம் இருந்திருக்கும்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உங்கள் ஆறு வயது மகனே காளையாக நின்று காட்டுவான். கையின் வளைவைப் பார்த்தே இல்லாத காளையின் திமில் எங்கே இருந்திருக்கும் என்று குழந்தைகள் சொல்லிவிடுவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஸ்தபதியின் (சிற்பியின்) திறமைக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, சரபோஜி மன்னரின் சலவைக்கல் சிலை. நாயக்கர் கட்டிய அரண்மனையில் மராட்டியர் எப்படி வந்தார்கள் என்று பன்னிரண்டு வயதுப் பையன் கட்டாயம் கேட்பான். பதினாறாம் நூற்றாண்டில் செவ்வப்ப நாயக்கர் தொடங்கி வைத்த ஆட்சி விஜயராகவ நாயக்கரோடு 1673இல் முடிந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் சத்ரபதி சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். 1855இல் ஆண் வாரிசு இல்லை என்று காரணம் காட்டி ஆங்கிலேயர் எடுத்துக்கொள்ளும்வரை அவர் வழியினர் ஆண்டார்கள். இதை வரும் வழியில் ரயிலிலேயே கதையாகச் சொல்லிவிடலாம். அவ்வழியில் வந்த இரண்டாம் சரபோஜி (1798 – 1832) பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போகக்கூடியவர். நாட்டு நிர்வாகத்தைப் பெரும்பாலும் கும்பினியாரிடம் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) இழந்தபின், அவர் தம் ஆர்வம் முழுவதையும் நூல்களிலும் மருத்துவத்திலும் செலுத்தினார். கண் நோயாளிகளின் குறிப்புகளை, சிகிச்சைக்கு முன்பும் பின்பும் கண் இருந்த நிலையை வண்ணத்தில் வரைந்த படங்களோடு எழுதி வைக்கச் செய்தார். அரசர் ஒருவர் இவ்வளவு பொறுமையாக ஒரு நோயாளியின் கண்ணை வரையச் செய்து பாதுகாத்தார் என்பதைப் பல போர்களின் ஆண்டுகளைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

மூன்றாவது, சரசுவதி மகால் காட்சிக்கூடம். ஓலைச்சுவடிகளில் எழுத்தாணியால் கீறிய பொடி எழுத்தைக் காட்டுங்கள். பிறகு, மனித முகங்களை விலங்குகளின் முகங்களோடு ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெப்ரன் வரைந்த படங்களைக் காட்டுங்கள். ஆந்தை முகத்தவர், சிங்க முகத்தவர் என்று பிள்ளைகள் தங்களுக்குள் யார் யாரைப் போல என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். அவர்களை அடக்க வேண்டாம், மெதுவாகப் பேசச் சொன்னால் போதும்.

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் அரண்மனையில் உண்டு. அது வைக்கப்பட்டுள்ள பகுதி திறந்திருந்தால் அதைத் தவறவிட வேண்டாம். தரங்கம்பாடி என்றதும் மற்றொன்றும் சொல்லலாம்: 1620இல் இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அங்கே கோட்டை கட்ட இடம் கொடுத்தபோது, டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதி அனுப்பினார், அது இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மயிலாடுதுறை அம்மா:

வணக்கம் அக்கா. ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. நூலகக் காட்சிக்கூடத்தில் பழைய சீன நாட்டுத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பான், அதற்குப் பதில் சொல்லலாம். ஆறு வயதுப் பிள்ளை கேள்வி கேட்காமல் பார்த்துவிட்டு இரவில் விழித்துக்கொண்டு அழும். அதனால் அந்தப் பக்கம் சிறியவனை அழைத்துப் போகாமல், உடன் வரும் ஒருவரை அவனோடு நிறுத்திவிட்டுப் பெரிய பிள்ளைகளை மட்டும் கூட்டிச் செல்லுங்கள்.

வெயிலைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். தாகம் எடுக்கிறது என்று பிள்ளைகள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் பார்த்து முடித்ததும் நாலைந்து வாய் தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வியர்வையில் உப்பும் போகிறது. வீட்டிலிருந்தே உப்புப் போட்ட நீர்மோர் கொண்டு போகலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். அதைப் பொட்டலத்தில் குறித்த அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கண்ணளவில் கலக்கக் கூடாது. தெருவில் ஐஸ் போட்டு விற்கும் சர்பத்தைத் தவிர்த்துவிட்டு, கண்ணெதிரே வெட்டிக் கொடுக்கும் இளநீரோ அப்போது சீவிய நுங்கோ வாங்கிக் கொடுங்கள். பிள்ளை திடீரென்று சோர்ந்து, தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால், "இன்னும் ஓர் அறைதானே" என்று நினைக்காமல் உடனே நிழலில் உட்கார வைத்து, உடலை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். உடல் கொதித்து, பேச்சு குழறுகிறது என்றால் மருத்துவமனைக்குப் போவதைத் தவிர வேறு யோசனையே கூடாது.

மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை எங்கேயும் சுற்ற வேண்டாம். தஞ்சாவூரில் உறவினர் வீடு இருந்தால் அங்கே போய்விடுங்கள், இல்லாவிட்டால் அரை நாளுக்கு விடுதி அறை எடுப்பதும் வீண் செலவு ஆகாது. சாப்பிட்டு, கழுத்து முகம் கழுவி, பிள்ளைகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மாலையில் கோயிலில் ஓடி விளையாடும் தெம்பு வரும். தலையாட்டிப் பொம்மை வாங்குவதைப் புறப்படும்போது வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கினால் அதன்பிறகு எந்தச் சிலையையும் அவர்கள் பார்க்க மாட்டார்கள்!

திருவாரூர் வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மயிலாடுதுறைத் தங்கை எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். மதியம் அறை எடுத்து ஓய்வெடுப்பதானால் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். அதனால் சிறியவனைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்துவிட்டார். ஆசிரியர் ஐயா, காளை இல்லாத திருமேனியைப் பற்றி அண்ணன் மகளிடம் சொன்னேன். உலோகத்தில் இவ்வளவு நுட்பமாக எப்படிச் செய்வார்கள் என்று கேட்கிறாள். என்ன சொல்வது? கல்லணை குறித்தும் யாராவது சொல்லுங்கள்.

குடந்தை ஆசிரியர்:

முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த கலவையால் உருவம் முழுவதையும் விரல் நகம்வரை செய்துவிடுவார்கள் என்று குழந்தையிடம் சொல்லுங்கள். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, பிறகு கெட்டியான களிமண்ணால் பொதிந்து, காயவைத்துச் சூடுபடுத்தினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி. வண்டல் மிகவும் மென்மையானது என்பதால்தான் மெழுகில் கீறிய நுண்ணிய கோடும் உலோகத்தில் அப்படியே பதிகிறது. அச்சை உடைத்துவிடுவதால் அதே அச்சில் இரண்டாவது திருமேனி செய்ய இயலாது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் வார்க்கிறார்கள். வேறொரு நாள் காலையில் அங்கே அழைத்துச் சென்றால், அரண்மனையில் பார்த்தது எப்படி உருவானது என்பதைக் கண்ணாலேயே காண்பாள்.

கீழவாசல்காரர்:

கல்லணையை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம் சகோதரி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாள்கள் ஆகும். மே மாதத்தில் போனால் மணலைத்தான் பார்க்க முடியும், நிழலும் குறைவு. மதகுகளில் தண்ணீர் சீறிப் பாய்வதைப் பார்க்காமல் அதன் அருமை பிள்ளைகளுக்குப் புரியாது. அரண்மனைக்கு வரும்போது கீழராஜவீதிப் பக்கம் சார்ஜா மாடி என்ற அடுக்கு மாளிகையின் மரவேலைப்பாட்டு மாடங்களை வெளியிலிருந்தே காட்டிவிட்டு உள்ளே போங்கள். காலை எட்டரை மணிக்கு வீதியில் கூட்டமும் குறைவாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.