கோடைக்கு எது: கோல்ஷா, கோதுமை பீரா, கள்ளா?

மீனாட்சிபுரத்தான்:
பாலக்காட்டு வெயிலுக்கு ஏற்ற பீர் எது என்றால் என் ஓட்டு கோல்ஷுக்குத்தான். ஜெர்மனியின் கொலோன் நகரத்துச் சரக்கு. வெளிர்பொன் நிறம், அடங்கிய கசப்பு, ஐந்து விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹால். பெங்களூரில் பீர் காய்ச்சும் மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக் காற்று:
அது கடையில் கிடைக்கும் சாதாரண லாகர் பீர்தானே அண்ணா? பெயரை மாற்றி விலையை ஏற்றினால் சிறிய அளவில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீர் ஆகிவிடுமா?

மீனாட்சிபுரத்தான்:
இல்லை தம்பி. லாகர் ஈஸ்ட் 10 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் வேலை செய்யும். கோல்ஷுக்குப் போடுவது ஏல் என்ற இன்னொரு பீர் வகையின் ஈஸ்ட். அதைவிடச் சற்றுச் சூடு கேட்கும், லேசான பழவாசனை தரும். நொதித்து முடிந்ததும் உறைநிலையை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் வைப்போம். கலங்கல் அடங்கி, சுவை தெளிந்துவிடும். கறுப்பு பீரில் வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) வாசனை சிறு பிழைகளை மூடிவிடும். இதில் ஒளிய இடமே கிடையாது. தொட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்றால்கூட முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

வேலந்தாவளம் வாத்தியார்:
ஒரு திருத்தம். 1986இல் கொலோன் வட்டாரத்து ஆலைகள் ஒப்பந்தம் போட்டு அந்தப் பெயரைத் தங்களுக்கே உரியதாக்கிக்கொண்டன. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் உண்டு. மைசூரில் கிண்டியதைப் பழனிப் பஞ்சாமிர்தம் என்பீர்களா? 'கோல்ஷ் பாணி' என்று எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக் காற்று:
பெயர்ச் சண்டை கிடக்கட்டும். வாரக்கணக்கில் மின்சாரம் செலவழித்துக் குளிரவைப்பது எந்த ஊர் நியாயம்? சித்தூர் தாலுகாவில் தென்னங்கள் யாரும் ஈஸ்ட் போடாமலே பானையில் நொதிக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. நம் கேரளப் பக்கம் கடை திறந்தே இருக்கிறது. பீர்தான் வேண்டும் என்றால் பெல்ஜியத்துக் கோதுமை பீர் இருக்கிறதே! கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டது. 1950களில் ஹூகார்டன் ஊரில் அழிந்தே போனதைப் பியர் செலிஸ் என்ற பால்காரர் அடுத்த பத்தாண்டில் மீட்டார். அதில் மணமாவது இருக்கிறது.

மீனாட்சிபுரத்தான்:
கள்ளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். அது மரத்தடியில் குடிக்க வேண்டியது. கொத்தமல்லி மணம் முதல் குவளைக்குச் சரி, மூன்றாவதில் திகட்டும். கொலோனில் கோல்ஷை 200 மில்லி குவளையில்தான் ஊற்றுவார்கள். சூடாவதற்குள் தீர்ந்துவிடும். குவளையை அட்டையால் மூடும்வரை பரிமாறுபவர் அடுத்ததைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பார். நம் வெயிலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

வேலந்தாவளம் வாத்தியார்:
உங்கள் மதுக்கூடத்திலும் 200 மில்லிதானா?

மீனாட்சிபுரத்தான்:
இல்லை ஐயா, அரை லிட்டர். சின்னக் குவளையை வைத்தால் ஏமாற்றுகிறோம் என்று சண்டைக்கு வருகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைக் காற்று:
அப்படியானால் பாதிக் குவளைக்கு மேல் சூடான பீர்தான். இதற்கா இத்தனை வாரக் குளிர்?