டொரண்டோ வருவதற்கு முன்பே வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்

செப்டம்பர் சேர்க்கைக்கு விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாச்சு, வீடு மட்டும்தான் பாக்கி என்று இந்த வாரம் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் ஒரு தம்பி மதுரையில் இருந்துகொண்டே டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மெண்டை (தரைக்குக் கீழே இருக்கும் தளத்து வீடு) பேசி முடித்து, இரண்டு மாத வாடகையை இன்றிரவே அனுப்பப் போகிறேன் என்றார். அனுப்பாதே என்று உடனே போன் போட்டேன். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நீங்களோ, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரோ அந்த வீட்டுக்குள் போய் நின்று பார்க்கும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குத் தெரிந்தவர் வீட்டிலோ, நாள் வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு, இங்கே வந்த பிறகு வீடு தேடுங்கள். அந்த இரண்டு வாரச் செலவு கையைக் கடிக்கும், தெரியும். ஏமாந்தால் போகிற பணத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நான் ஏமாந்திருக்கிறேன். 2018-இல் கோவையில் இருந்தபடியே ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன், கென்னடி ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம், அந்தப் பக்கத்து மற்ற வீடுகளைவிட வாடகை முந்நூறு டாலர் குறைவு. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறாராம், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம். நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் படத்தையும் அனுப்பினார் (அது வேறு எவரிடமோ திருடியது என்று பிறகுதான் புரிந்தது). 900 டாலர் அனுப்பினேன். சாவி வரவில்லை, கூரியர் தாமதம், நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். இரண்டு சூட்கேஸோடு அந்த முகவரியில் போய் பெல் அடித்தால், கதவைத் திறந்தது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. வீட்டை விற்பனைக்குத்தான் போட்டிருந்தார்கள், வாடகைக்கு இல்லை. அந்த விற்பனை விளம்பரத்தின் படங்களை எடுத்து யாரோ வாடகை விளம்பரம் போட்டிருக்கிறார்கள். என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துவிட்டு, "இப்பிடி வந்து நிக்கிற மூண்டாவது ஆள் நீங்கள், தம்பி" என்றார்.

நம் ஊரிலிருந்து வருபவர்கள் இதில் ஏன் இவ்வளவு சுலபமாக விழுகிறோம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். சென்னையில் நல்ல வீடு கண்ணில் பட்டால் கைநழுவிப் போகக்கூடாதென்று டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம், அஞ்சு மாசம் பத்து மாசம் அட்வான்ஸ் கேட்டாலும் புருவம் உயராது. அதே பழக்கத்தோடு இங்கே வருகிறோம். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டம் வேறு. கடைசி மாத வாடகை என்று ஒரு மாதத் தொகையை மட்டும்தான் டெபாசிட்டாக வாங்கலாம், அதற்கும் வீட்டுக்காரர் ஆண்டுதோறும் வட்டி தரவேண்டும். சேதாரத்துக்கு என்று தனி டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். சாவிக்கு வாங்கினால் சாவி மாற்றுகிற செலவுக்கு மேல் வாங்கக்கூடாது, திருப்பியும் தரவேண்டும். "உங்களுக்குக் கிரெடிட் ஸ்கோர் இல்லை, ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டுங்கள்" என்று கட்டாயப்படுத்தவும் உரிமை கிடையாது. ஒன்று கவனியுங்கள், சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரர் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் அறை என்றால் இந்த வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் அப்படிப்பட்ட அறைக்குத்தான் போகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, நேரில் பார்த்துவிட்டால் போதுமா என்றால், போதாது. போன வருடம் ஒரு பையனோடு டவுன்டவுனில் ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) பார்க்கப் போனேன். காட்டியவர் நல்ல உடை, சாவியும் கையில் இருக்கிறது, பேச்சும் மரியாதையாக இருக்கிறது. பையனுக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் லேமினேட் செய்த ஒரு அட்டை, அதில் வைஃபை பாஸ்வேர்டு, அதன் கீழே "காலை 11 மணிக்குள் காலி செய்யவும்" என்று ஆங்கிலத்தில். குளியலறையில் ஒரே அளவில் மடித்து அடுக்கிய வெள்ளைத் துண்டுகள், குட்டிக் குட்டி ஷாம்பூ புட்டிகள். அந்த ஆள் மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடாகக் காட்டி, வருகிறவர்களிடமெல்லாம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். பெயர் போட்ட வரிக் காகிதமோ மின்கட்டண ரசீதோ காட்டுங்கள் என்றதும், கீழே காரில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று லிஃப்டில் இறங்கியவர் திரும்பவே இல்லை.

அதனால் ஆளையும் சரிபாருங்கள். ஏஜென்ட் என்றால் அவர் பெயர் ரீகோ என்கிற ஒன்டாரியோ ரியல் எஸ்டேட் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் இருக்கவேண்டும், ஒரு நிமிட வேலை. அவர் வேலை செய்யும் அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள், அவர் கொடுத்த எண்ணை வேண்டாம். ஏஜென்ட் வழியாகப் போகிற டெபாசிட் அந்த அலுவலகம் வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்குக்குத்தான் போகவேண்டும், அவருடைய சொந்தக் கணக்குக்கு அல்ல. வீட்டுக்காரரே நேரடியாக விடுகிறார் என்றால், ஒன்டாரியோவின் நிலப் பதிவு இணையதளமான ஆன்லேண்டில் கொஞ்சம் கட்டணம் கட்டி வீடு யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். அப்புறம் லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு அரசின் பொதுப் படிவத்தில்தான் லீஸ் போடவேண்டும், அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முன்பே எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள்.

பணம் விஷயத்தில் இன்டராக் இ-டிரான்ஸ்ஃபர் (மின்னஞ்சல் வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் முறை) என்று கேட்பார்கள், இங்கே அது சாதாரணம். ஆனால் வாங்குகிறவர் ஆட்டோ டெபாசிட் (வரும் பணம் தானாகவே கணக்கில் ஏறும் வசதி) வைத்திருந்தால் நீங்கள் அழுத்திய கொஞ்ச நேரத்தில் பணம் அவர் கணக்கில் ஏறிவிடும், ரத்து செய்ய முடியாது. அனுப்பும் முன் திரையில் அவர் பெயர் வரும், லீஸில் இருக்கிற பெயர் அதுதானா பாருங்கள். கிரிப்டோ, கிஃப்ட் கார்டு, வேறு நாட்டுக் கணக்கு என்று பேச்சு வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பயம் உங்கள் ஆவணங்களைப் பற்றித்தான். சின் எண்ணை (வேலைக்கும் வரிக்கும் கனடா அரசு தரும் அடையாள எண்) வீட்டுக்காரரிடம் தரவேண்டிய அவசியமே இல்லை. பாஸ்போர்ட் நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், இன்ன முகவரிக்கான வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும் என்று தேதியோடு அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். அதுவும் வீட்டை நேரில் பார்த்த பிறகு.

ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்காதீர்கள், நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த நிமிடமே வங்கியைக் கூப்பிடுங்கள், பிறகு போலீஸில் புகார், கனடா மோசடித் தடுப்பு மையம் 1-888-495-8501. சின் எண்ணோ பாஸ்போர்ட்டோ போயிருந்தால் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்கிற கிரெடிட் நிறுவனங்கள் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். அவர்களோடு பேசிய செய்திகளை அழிக்காதீர்கள். தங்க இடமில்லை என்றால் 211 என்கிற உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலும் பேசக் கேட்கலாம்.

மதுரைத் தம்பி நான் சொன்னபடி அந்த பேஸ்மெண்ட் விளம்பரத்தின் படங்கள் வேறெங்காவது இருக்கின்றனவா என்று கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தார். அதே சோபா, அதே ஜன்னல், ஆனால் வேறு மாகாணத்தில் இருக்கும் கால்கரியில் ஒரு வீடு. இப்போது இரண்டு வாரத்துக்கு அறை போட்டிருக்கிறார். நீங்களும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் ஏதாவது வீடு பார்த்து வைத்திருந்தால் பணம் அனுப்பும் முன் எனக்குச் செய்தி போடுங்கள், சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, போய் நின்று வீடியோ காலில் காட்டுகிறேன்.